குதிரை பழக்கவும் ஒரு கல்லூரி

குதிரை பழக்குவதற்கும் கல்லூரியா என்று எம்மவர் சிலர் சிரிக்கக்கூடும். அமெரிக்காவில் அப்படி ஒன்றல்ல, பல இருக்கின்றன. கொலராடோ மாநிலத்தின் லாமர், எண்ணாயிரம் பேர்கூட இல்லாத சிறு நகரம். அங்குள்ள சமுதாயக் கல்லூரியில் குதிரைப் பயிற்சியும் முகாமைத்துவமும் தனிக் கற்கைநெறி. கலிபோர்னியாவின் மலைநகரான குவின்சியில் ஃபெதர் ரிவர் கல்லூரி இதே துறையில் பட்டமே வழங்குகிறது. சமுதாயக் கல்லூரி என்பது வீட்டுக்கு அருகில், பல்கலைக்கழகத்தைவிடக் குறைந்த கட்டணத்தில், பெரும்பாலும் இரண்டு வருடத்தில் தொழிலுக்கு ஆளைத் தயார்செய்யும் இடம்.

இது பந்தயச் சூதாட்டத்துக்கான படிப்பல்ல. சூது எமக்கு ஹராம். அதில் மாற்றுக் கருத்தில்லை. கால்நடைப் பண்ணை, சவாரிப் பள்ளி, இனவிருத்தி என்று குதிரையைச் சுற்றிப் பல தொழில்கள் உள்ளன. அவற்றுக்கே இங்கு ஆள் உருவாகிறது.

என்னைக் கவர்ந்தது அங்கு கற்பிக்கும் முறைதான். சேணம் காணாத இளங்குதிரையை மாணவன் தானே பழக்க வேண்டும். கூடவே கணக்கும் படிக்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை தீவனம் தின்னும். வேலை செய்தாலும் தின்னும், சும்மா நின்றாலும் தின்னும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். சினைக்காலம் 11 மாதம். பிறந்த குட்டி சவாரிக்குத் தயாராக மேலும் இரண்டு மூன்று வருடங்கள். அதுவரை போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். விலைபோகாத சரக்குக்குக் களஞ்சிய வாடகை கட்டியவருக்கு இந்தக் கணக்கு நன்கு விளங்கும்.

குதிரை வியாபாரம் முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி விரைவில் செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்தவர் அங்கு இல்லை என்றும், மறுவருடமும் விற்க வேண்டும் என்பதற்காக லாடம் அடிப்போரை வியாபாரிகள் அக்கரைக்கு வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ குறித்துள்ளார். அறிவை மறைத்துச் சரக்கை விற்றவர் லாபம் கண்டார். அறிவில்லாமல் வாங்கியவர் வருடந்தோறும் பொன்னைக் கொட்டினார்.

இன்று நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? கைத்தொலைபேசி விற்கிறோம், பழுது பார்க்க வேறொருவரிடம் அனுப்புகிறோம். குளிரூட்டி விற்கிறோம், பொருத்துவதற்கு ஆள் தேடி அலைகிறோம். பிள்ளைக்கு உயர்தரம் சரிவராவிட்டால் கடையில் உட்கார வைக்கிறோம், இல்லாவிட்டால் மத்திய கிழக்குக்கு அனுப்புகிறோம். இவை இரண்டுக்கும் நடுவில், கையால் செய்யும் தொழிலை முறையாகக் கற்பது என்றொரு வழி இருப்பதை மறந்துவிட்டோம். கடையைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம். தொழிலறிவை அப்படி எழுதிக் கொடுக்க முடியாது.

எமது நாட்டிலும் வழி இருக்கிறது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. அதில் ஏழாவது பட்டத்துக்குச் சமம். வருடக்கணக்காக வேலை செய்து பழகியவர், வகுப்புக்குப் போகாமலே தன் திறமையை மதிப்பீட்டில் காட்டிச் சான்றிதழ் பெறவும் அதில் இடமுண்டு. உங்கள் கடையில் பத்து வருடம் வேலை செய்யும் பையனுக்கு இதைச் செய்து கொடுத்தால், அவன் உங்களை விட்டுப் போய்விடுவான் என்று அஞ்ச வேண்டாம். லாடம் அடிப்பவரைக் கப்பலில் ஏற்றாத அந்த வியாபாரிகளின் அச்சமும் அதுதான்.

வர்த்தக சங்கங்கள் வருடாந்த விருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஊருக்கு இரண்டு இளைஞரையாவது தொழிற்பயிற்சிக்கு அனுப்பட்டும். விற்கும் பொருளை அறிந்தவரே சந்தையில் நிலைப்பார்.