சந்தை நிறைந்திருந்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கிபரீனில் கடை விரிக்கிறார்கள். இடத்தின் பெயர் ஃபேர்ஃபீல்ட், அதாவது சந்தைத் திடல். மதியம் ஒன்றரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் பாலாடைக்கட்டி, புகையூட்டிய மீன், மண் உதிராத காரட், அன்று காலை சுட்ட ரொட்டி, முட்டை, பூச்செடி என்று சகலமும் விலைபோகும். மழை பெய்தாலும் கூட்டம் குறையாது. மேற்கு கார்க் வட்டாரத்தில் மழை விடட்டும் என்று காத்திருந்தால் எந்த வேலையும் நடக்காது. உருளைக்கிழங்கும் உண்டு. வாங்குபவர்கள் அதைத் தனி மரியாதையோடு பார்ப்பதாகத் தெரியவில்லை. பையில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஐலன் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 3,000. ஐரிஷ் மொழியில் ஊர்ப் பெயருக்கு ‘சின்னப் படகுத்துறை’ என்று பொருள். 1631இல் கடற்கரையோர பால்டிமோர் கிராமத்தை வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்கள் தாக்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றார்கள். தப்பியவர்களில் பலர் நதி வழியே உள்நாட்டுக்கு நகர்ந்து இங்கே குடியேறினார்கள் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. நதி வழியாகச் சரக்கு வந்தது, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வெண்ணெயும் தானியமும் வந்தன, சந்தை வளர்ந்தது. 1877இல் ரயிலும் வந்தது. 1961இல் அதை மூடிவிட்டார்கள். பழைய ரயில் பாலம் மட்டும் ஆற்றின் குறுக்கே நிற்கிறது.

இப்போது கார்க் நகரிலிருந்து பஸ்தான். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். இறங்கியதும் கண்ணில் படுவது அடுக்கடுக்காக வண்ணம் பூசிய கடைகள். ஒன்று மஞ்சள், அடுத்தது நீலம், அதற்கடுத்தது கத்தரிப்பூ. சதுக்கத்தில் ‘எரினின் கன்னி’ எனப்படும் பெண் சிலை. 1798, 1803, 1848, 1867 ஆகிய நான்கு கிளர்ச்சிகளின் நினைவாக 1904இல் நிறுவப்பட்டது. நான்குமே தோற்றவை. தோல்விகளுக்கு இவ்வளவு நேர்த்தியாகச் சிலை வைக்கும் தேசங்கள் அதிகமில்லை.

ஊருக்கு நகைச்சுவையும் குறைவில்லை. இங்கிருந்து வெளிவந்த ‘ஸ்கிபரீன் ஈகிள்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகை 1898இல், ரஷ்யாவின் ஜார் மன்னர் மீது தன் கண் இருப்பதாகத் தலையங்கம் தீட்டியது. சீனத்தில் ரஷ்யா காலூன்றுவதைச் சில ஆயிரம் பேர் வாழும் ஊரின் பத்திரிகை கண்டித்ததைக் கேட்டு உலகமே சிரித்தது. ஊர்க்காரர்கள் இன்றும் அதைப் பெருமையோடுதான் சொல்கிறார்கள்.

ஆனால் ஸ்கிபரீன் என்ற பெயர் உலகெங்கும் பரவியதற்கு ஜார் காரணமல்ல. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஐரிஷ் வம்சாவளியினருக்கு அது பஞ்சத்தின் பெயர்.

1840களில் அயர்லாந்தில் சுமார் 30 லட்சம் ஏழைகள் ஏறக்குறைய உருளைக்கிழங்கை மட்டுமே தின்று வாழ்ந்தார்கள். உழைக்கும் ஆண் ஒருவர் நாளுக்கு ஐந்து கிலோ சாப்பிடுவது சாதாரணம். வேறு எதுவும் விளையாமல் இல்லை. கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன, பன்றி வளர்ந்தது, வெண்ணெய் திரண்டது. அவை எல்லாம் நிலச்சுவான்தாருக்குக் கொடுக்க வேண்டிய குத்தகைக்காக. கிழங்கு வயிற்றுக்கு, மற்றதெல்லாம் வாடகைக்கு என்பதே ஏற்பாடு. 1845 செப்டம்பரில் கருகல் நோய் தலைகாட்டியது. 1846இல் ஏறக்குறைய மொத்தப் பயிரும் தரையோடு அழுகியது. குடியானவரிடம் தின்னக் கிழங்கு இல்லை, வாங்கக் காசும் இல்லை.

1846 டிசம்பரில் அரசு அதிகாரி ஒருவர் ஸ்கிபரீன் நிலவரத்தை மேலிடத்துக்கு எழுதினார். பட்டினிச் சாவுகளை விவரித்த அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. சனிக்கிழமை சந்தையில் இறைச்சி, ரொட்டி, மீன் எல்லாம் தாராளமாக இருந்தன.

இந்த ஒரு தகவல்தான் ஸ்கிபரீனின் கதை. உணவு ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. அதை வாங்க வழியில்லாதவர்கள் அதன் பக்கத்திலேயே செத்தார்கள். 135 ஆண்டுகள் கழித்து, 1981இல், அமர்த்தியா சென் ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் இதைத்தான் கோட்பாடாக வகுத்தார். 1943இன் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு இல்லாததும் உணவைப் பெறும் வழி இல்லாததும் வேறு வேறு என்று காட்டினார். ஸ்கிபரீன் சந்தையில் நின்றால் அந்த நூலைப் படிக்காதவர்களுக்கும் அது புரியும்.

வழி உண்டாக்கித் தருவதாகத்தான் அரசு சொன்னது. சாலை போடும் வேலை, அதற்குக் கூலி. டெனிஸ் மெக்கென்னடி என்பவர் ஸ்கிபரீனுக்கு அருகே, கஹெராவில் அப்படி ஒரு சாலையில் வேலை செய்தார். 1846 அக்டோபர் 24 அன்று வேலையிடத்திலேயே விழுந்து இறந்தார். இரண்டு வாரக் கூலி அவருக்குப் பாக்கி இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்தவர்களில் ஒருவர் ஊர் டாக்டர் டேனியல் டோனவன். பொதுப்பணி வாரியத்தின் படுமோசமான அலட்சியத்தால் நேர்ந்த பட்டினிச் சாவு இது என்று விசாரணை ஜூரிகள் தீர்ப்பு எழுதினார்கள். உள்ளூர் சாமானியர்கள் ஒரு சாம்ராஜ்யத்தின் இலாகா மீது குற்றம் சாட்டினார்கள். இலாகாவுக்கு எதுவும் ஆகவில்லை.

அந்த டிசம்பரில் ஸ்கிபரீனின் புராட்டஸ்டன்ட் பாதிரியார்கள் இருவர் லண்டனுக்கே போய் உதவி கேட்டார்கள். அவர்கள் சந்தித்தவர் கருவூலத் துறையின் உயர் அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். ஸ்கிபரீன் வட்டார நிலச்சுவான்தார்களுக்கு ஆண்டுக்கு 50,000 பவுன் வருமானம் இருக்கிறது, அவர்கள் பொறுப்பேற்கட்டும் என்பது அவருடைய வாதம். தானிய வியாபாரத்தில் அரசு தலையிட்டால் வியாபாரிகள் ஒதுங்கிவிடுவார்கள், சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்பது அன்றைய ஆட்சியின் நம்பிக்கை. முந்தைய ஆட்சி அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் தருவித்தது. அதற்கு ‘இந்தியச் சோளம்’ என்று பெயர். இந்தியாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சம்பந்தம் இருப்பது ட்ரெவெல்யனுக்குத்தான். இளம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள நிர்வாகத்தில் பணியாற்றியவர். மெக்காலேயின் தங்கையை 1834இல் கல்கத்தாவில் மணந்தவர். பஞ்ச நிவாரணப் பணிக்காக 1848இல் ‘சர்’ பட்டம் பெற்றார். அதே ஆண்டு பஞ்சத்தைப் பற்றி எழுதிய நூலில், அதைக் கடவுளின் கருணையான ஏற்பாடாகவே கண்டார். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். இங்கே அவருக்கு நல்ல பெயர். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ‘பீப்பிள்ஸ் பார்க்’ பூங்காவை உருவாக்கினார். மக்கள் மீது புதிய வரிகள் சுமத்துவதைப் பகிரங்கமாக எதிர்த்து, 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். சவுகார்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. அயர்லாந்தில் அவர் பெயர் இருப்பது ஒரு பாட்டில். 1979இல் எழுதப்பட்ட ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதென்ரை’ என்ற பாடலை ரக்பி மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். அதில் அவர் வில்லன்.

எல்லாப் பழியையும் ட்ரெவெல்யன் தலையில் கட்டுவதை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. முடிவெடுத்தது அமைச்சரவை, கஜானாவைத் திறக்க மறுத்தது நாடாளுமன்றம். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மாற்றுவழி தெரியவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 1846 நவம்பரிலேயே ஸ்கிபரீன்காரர்கள் தாங்களாகக் கஞ்சித் தொட்டி திறந்துவிட்டார்கள். ஐலன் தெருவில் இருந்த நீராவி ஆலையில் சூப் காய்ச்சி ஊற்றினார்கள். சில மாதங்கள் கழித்து அரசும் அதே வழிக்கு வந்தது. 1847 ஜூலையில் நாடெங்கும் தினம் 30 லட்சம் பேருக்கு உணவு போனது. அது பலன் தந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

கல்கத்தாவிலிருந்தும் பணம் போயிற்று. அங்கே கம்பெனிப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் உள்பட பலரும் கொடுத்த நிதி சுமார் 14,000 பவுன். முப்பதாண்டுகள் கழித்து, 1876-78இல், சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. ரயிலில் தானியம் வந்து இறங்கியது, ஏழைகளுக்கு எட்டாத விலையில். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். பாடம் படித்திருக்கிறார்கள், தலைகீழாக.

ஸ்கிபரீன் தன் கதையைச் சொல்வது ஆற்றோரத்துப் பழைய எரிவாயு ஆலையில். 2000ஆம் ஆண்டிலிருந்து அது பாரம்பரிய மையம். அங்கே ஜேம்ஸ் மஹோனியின் படங்களுக்கு முன்னால் எவரும் சற்று நேரம் நின்றுவிடுவார்கள். கார்க் நகரத்து ஓவியரான இவரை ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இந்தப் பகுதிக்கு அனுப்பியது. 1847 பிப்ரவரி 13, 20 இதழ்களில் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்று வழியில் குளோனகில்ட்டி ஊரில் கண்ட பெண். கையில் இறந்த குழந்தை. அவள் பிச்சை கேட்டது சோற்றுக்கல்ல, சவப்பெட்டிக்கு.

சவப்பெட்டி அன்று பெரும் சொத்து. அடிப்பலகை திறந்துகொள்ளும் பெட்டி ஒன்றைச் செய்து, உடலைக் குழிக்குள் விட்டுவிட்டு அதையே அடுத்தவருக்கு எடுத்துப் போனார்கள். குழிகள் இருக்கும் இடம் ஊருக்கு மேற்கே ஒரு கிலோமீட்டர் தாண்டி, அபேஸ்ட்ரூரி மயானம். ஒருபுறம் சாலையும் அதையொட்டி ஐலனும். மறுபுறம் சரிவில் ஒரு புல்வெளி. அதன் அடியில் 8,000 முதல் 10,000 பேர் வரை கிடப்பதாக மதிப்பிடுகிறார்கள். தலைக்கல் கிடையாது. யார் யார் என்ற பட்டியலும் கிடையாது. பக்கத்தில் குடும்பக் கல்லறைகள் பெயரும் தேதியுமாக நெருக்கியடித்து நிற்க, இந்தப் புல்வெளி மட்டும் வெறுமையாக, நன்றாக வெட்டிச் சீர்செய்யப்பட்டுக் கிடக்கிறது.

குழியிலிருந்து திரும்பி வந்த ஒருவரைப் பற்றியும் ஊர் சொல்கிறது. டாம் கெரின், 1848இல் சிறு குழந்தை. இறந்துவிட்டதாக நினைத்துக் குழியில் இட்டார்கள். மண்வெட்டி காலில் பட்டபோது முனகினான். முறிந்து கோணிப்போன கால்களோடு 1910 வரை இந்தத் தெருக்களில் நடமாடினார், பெரும்பாலும் பிச்சையெடுத்து. செத்துப் பிழைத்தவர் என்பது அவருடைய அடையாளம்.

பிழைத்த வேறு சிலர் கோபத்தோடு பிழைத்தார்கள். 1847இல் பஞ்சக் காய்ச்சலுக்குத் தந்தையைப் பறிகொடுத்த ஜெரமையா ஓடோனவன் ரோஸா, ஸ்கிபரீனில் கடை வைத்து 1856இல் ஃபீனிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். பெயருக்கு இலக்கியச் சங்கம். பிரிட்டிஷ் சிறைகளில் பல ஆண்டுகள், பிறகு நியூயார்க்கில் நாடு கடந்த வாழ்க்கை. 1915இல் அவருடைய உடல் டப்ளினுக்கு வந்தபோது நடந்த இறுதி ஊர்வலம், அடுத்த ஆண்டின் எழுச்சிக்கு முன்னோட்டமாக அமைந்தது.

இன்று இந்த ஊரின் பெயரைச் செய்தியில் கொண்டுவருவது படகுகள். 1970இல் தொடங்கிய ஸ்கிபரீன் துடுப்புப் படகுக் கழகம் ஐலனில்தான் பயிற்சி செய்கிறது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் கேரி, பால் ஓடோனவன் சகோதரர்கள் வெள்ளி வென்றார்கள். துடுப்புப் படகில் அயர்லாந்துக்கு அதுவே முதல் பதக்கம். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் பாலும் ஃபின்டன் மெக்கார்த்தியும் தங்கம். 2024இல் பாரிஸில் மறுபடியும் அதே ஜோடி, அதே தங்கம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது, தனி விசா வேண்டும். தங்குவதற்கு ஒரு இரவு போதாது. ஐந்து கிலோமீட்டரில் லாக் ஹைன் என்ற உப்புநீர் ஏரி இருக்கிறது. 1981இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் கடல்சார் இயற்கைக் காப்பகம் அது. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால் மறுநாள் சந்தையைப் பார்க்கலாம். பின்னர் ஆற்றோரமாகவே நடந்து மயானத்துக்குப் போகலாம். அரை மணி நேரம்கூட ஆகாது.