புள்ளும் படமும்

மாரிக்காலத்தில் அரிய புட்களைக் கண்டு படம்பிடிக்க மாணவர் மன்னாருக்குச் செல்வது போற்றற்குரியது. வடபுலக் குளிரை நீங்கிவரும் ஊசிவால் வாத்துகளும், அழகிய பூநாரைகளும் திரளும் வங்காலை, 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயின், பறக்கும் கோலத்தைப் படமாக்குதற்பொருட்டு இரைதேரும் கூட்டத்தைக் கலைத்தெழுப்புதல் தகாது. வலசைப் புட்கள் இங்கு உண்டு உடலிற் சேர்க்கும் கொழுப்பே அவற்றின் மீள்பயணத்திற்குக் கட்டுச்சோறு. வீணே எழுப்புந்தோறும் அது குறைகின்றது. விருந்தோம்பலை அறமெனக் கற்ற நாம் விருந்தினரின் சோற்றைப் பறிக்கலாமா? படத்தினும் புள்ளின் நலமே பெரிது. இப்பொறுமையைப் பயில மன்னார்வரை செல்லவும் வேண்டா. கொழும்பு வீட்டுத் தோட்டங்களுக்கும் அப்பருவத்தில் ஆறுமணிக்குருவி வருகின்றது. மாணவர்காள்! முதலில் அதனை அசையாது நின்று நோக்கப் பழகுங்கள். கருவியைப் பின்னர்க் கையிலெடுக்கலாம்.