மூட்டையில் எழுதாத சங்கதி



எங்கப்பா கொத்தனாருக்குக் கையாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைத் தொட்டதுமே, "இது கட்டி தட்டிப் போச்சு" என்று சொல்லிவிடுவார். அவர் பிள்ளை நான் சிவில் டிப்ளமோ படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான்.

இண்டர்வியூவில் கேட்பார்கள் என்று ஒருநாள் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் வரலாற்றைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 1946-ல் சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் தொடங்கினார்கள். 1949-ல் திருநெல்வேலி பக்கம் தாழையூத்தில் முதல் ஆலை. சுண்ணாம்புக்கல் எங்கே கிடைக்கிறதோ அங்கேதானே சிமெண்ட் ஆலை வரும்! ஆலையை ஒட்டிய ஊருக்கே சங்கர் நகர் என்று பெயர். 2008-ல் சென்னை கிரிக்கெட் அணியை வாங்கினார்கள். 2024 டிசம்பரில் நிர்வாகம் அல்ட்ராடெக் கைக்குப் போனது.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏல, மொதலாளி மாறிட்டா, வேல பாக்குற ஆளுவளும் மாறிருவாவளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த எந்தத் தாளிலும் அது இல்லை. எத்தனை டன் உற்பத்தி, எத்தனை கோடி விற்பனை, இவ்வளவுதான் இருந்தது.

பிறகு சீனியர் அண்ணன் ஒருவர் விளக்கினார். பங்குகள் கைமாறினாலும் கம்பெனி அதே கம்பெனிதான். அதனால் மட்டும் நிரந்தரத் தொழிலாளியின் சர்வீஸ் அறுந்துபோகாது. ஆனால் காண்ட்ராக்ட் தொழிலாளி? அவர் பெயர் காண்ட்ராக்டரின் ரிஜிஸ்டரில் அல்லவா இருக்கிறது! காண்ட்ராக்ட் முடிந்தால் அவர் கதி என்ன?

சிமெண்ட் சூளை சுமார் 1450 டிகிரி சூட்டில் இரவு பகலாக ஓடுகிறது. அதற்கு ஷிப்டு பார்ப்பவர்கள், கிரஷர் பிட்டர்கள், மூட்டை ஏற்றுபவர்கள் இல்லாமல் ஒரு டன்னும் வெளியே வராது. நாளை அந்த இடத்தில் நிற்கப்போவது நாம்தான்!

ஆகவே நண்பர்களே, கம்பெனி வரலாற்றைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தொழிற்சாலை பார்க்கப் போனால் போட்டோ எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். வேலை நிரந்தரமா, காண்ட்ராக்டா? பயிற்சிக் காலம் எத்தனை வருஷம்? பி.எஃப். உண்டா? இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். இண்டர்வியூவில் அவர்கள் நம்மைக் கேட்கலாம் என்றால், நாமும் அவர்களைக் கேட்கலாம்.

படிக்காத எங்கப்பாவுக்குத் தோன்றிய கேள்வி, படித்த நமக்குத் தோன்ற வேண்டாமா?