புதன்கிழமைகளில் வராத பிள்ளை



கொஞ்சம் நீண்ட பதிவு. மண்டூர்ப் பெற்றோரும், எழுவான்கரையில் இருக்கும் எங்கள் ஊர் உறவுகளும், சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குருமண்வெளித் துறையில் பாதையேறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் படிப்பிக்க வருகிற ஆசிரியர்கள் நாங்கள் சிலர். எங்களுக்குள் தமிழரும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறோம். பாதை அக்கரை சேரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிள்ளைகளைப் பற்றி மனம்விட்டுப் பேசுவோம். அப்படிப் பேசிப் பேசி எங்களுக்குள் உறுதிப்பட்ட ஒரு விடயத்தை இங்கே எழுதுகிறோம். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொல்லிப் பிள்ளையைத் திருத்த முடியாது. வீட்டோடு பேச வேண்டும். ஆனால் வீட்டோடு பேசுவது வேறு, வீட்டை விசாரிப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் நாங்களே பல வருடம் பிழை விட்டிருக்கிறோம்.

ஒரு பிள்ளையின் கதையிலிருந்து தொடங்குகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

தரம் ஒன்பது. கெட்டிக்காரப் பிள்ளை. கணக்கு நன்றாகச் செய்வான். ஆனால் புதன்கிழமை மட்டும் பாடசாலைக்கு வரமாட்டான். வரவு இடாப்பைப் புரட்டிப் பார்த்தால் புதன், புதன், புதன் என்று வரிசையாக விழுந்திருக்கும். முதலில் ஏசினோம். பிறகு தனியே கூப்பிட்டு, "அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைப் படிப்பிக்கிறா, நீ இப்படிச் செய்யலாமா மகன்?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு அழுதான். உளவளத்துணை நன்றாக நடந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்த புதனும் வரவில்லை.

தாயைக் கூப்பிட்டோம். அலுவலகத்தில் நாலைந்து பேர் கதிரைகளில் இருக்க, அவ நின்றுகொண்டிருந்தா. நாங்கள் பேசினோம், அவ கேட்டுக்கொண்டிருந்தா. "சொல்லிப் பாக்கிறன் சேர்" என்றுவிட்டுப் போனா. அதற்குப் பிறகு சந்தியில் எங்களைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகத் தொடங்கினா. அவ்வளவுதான் நாங்கள் சாதித்தது.

பிறகு, உளவளத்துணைப் பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியை, "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம், ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீங்க" என்றா. இரண்டு பேர் போனோம். முற்றத்தில் பாய் விரித்துத் தந்தார்கள். தேத்தண்ணி வந்தது. ஆசிரியை மெதுவாக, "புதன்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கும்? விடிந்ததிலிருந்து சொல்லுங்களேன்" என்றா. தாய் பேசவில்லை. பிள்ளை தாயைப் பார்த்தான். கடைசியில் அம்மம்மாதான் வாய் திறந்தா. "அண்டைக்குத்தானே லோன்காரர் வாற நாள்."

அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. தகப்பன் கட்டாரில். அவருக்குச் சொல்லாமல் எடுத்த நுண்கடன். கிழமைக்கு ஒரு தவணை. காசு குறைந்தால் படலையடியில் நின்று அக்கம்பக்கம் கேட்கப் பேசுவார்கள். அந்த நேரம் அம்மா தனியே நிற்கக் கூடாது என்றுதான் அவன் வீட்டில் நின்றிருக்கிறான். நில் என்று அவனை யாரும் சொல்லவில்லை. நிற்காதே என்றும் சொல்லவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை வீட்டுக்குக் காவல் நின்றிருக்கிறான். நாங்களோ அவனுக்கு ஒழுங்கு இல்லை என்று எழுதி வைத்திருந்தோம்.

பெரிய அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. "அவனுக்குப் பதிலாக அந்த நேரம் யார் நிற்கலாம்?" என்று கேட்டோம். தாயின் தம்பி, பிள்ளையின் மாமா, இரண்டு வளவு தள்ளி இருக்கிறார். கடன் கதை அவருக்கும் அதுவரை தெரியாது. புதன் காலையில் தான் வந்து நிற்பதாக ஒத்துக்கொண்டார். புருஷனுக்கு எப்படிச் சொல்வது என்று தாயோடு தனியே பேசப் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரின் உதவி கிடைத்தது. அதற்கே இரண்டு மாதம் எடுத்தது. அவர் தொலைபேசியில் கத்தினாராம், ஒரு கிழமை பேசாமல் இருந்தாராம், பிறகு மகனோடு பேச வேண்டும் என்றாராம். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் பிள்ளை புதன்கிழமைகளில் வருகிறான்.

நாங்கள் தற்செயலாகக் கண்டதை மற்றவர்கள் எப்போதோ கண்டிருக்கிறார்கள். 1960களில் நியூயோர்க்கில், குற்றச்செயல்களில் அகப்பட்ட ஏழைக் குடும்பத்து ஆண் பிள்ளைகளுக்கென வில்ட்விக் என்ற பாடசாலை இருந்தது. பிள்ளைகளை மட்டும் திருத்தி அனுப்பினால், மாறாத வீட்டுக்குள் போனதும் அவர்கள் பழையபடி ஆகிவிடுவதைச் சல்வடோர் மினுச்சின் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். குடும்பத்தையே கூட்டி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். 1967இல் அதை நூலாகவும் எழுதினார்கள். அதே காலத்தில் வர்ஜீனியா சட்டிர், மரே போவென் போன்றவர்களும் இந்த வழியில்தான் போனார்கள். ஆளுக்கொரு முறை இருந்தாலும் அடிப்படை ஒன்று: பிள்ளையிடம் தெரிகிற குழப்பம், பல நேரம் முழு வீடும் சுமக்கிற பாரத்தின் ஒரு நுனி.

இந்த முறைகளிலிருந்து எங்களைப் போன்ற சாதாரண ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை நாலு.

ஒன்று, "ஏன்" என்று கேட்பதை விட்டு "என்ன நடக்கும், அதற்குப் பிறகு என்ன நடக்கும்" என்று கேட்பது. "ஏன்" என்றதும் ஆள் தன்னைக் காப்பாற்றப் பார்க்கும். "என்ன நடக்கும்" என்றால் கதை வரும்.

இரண்டு, குடும்பப் படம் வரைவது. யார் யாரோடு இருக்கிறார்கள், யார் வெளிநாட்டில், யார் மவுத்தாகிவிட்டார், யார் யாரோடு பேசுவதில்லை என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்ப்பது. அரை மணித்தியாலத்தில் பல விடயம் தெரிந்துவிடும்.

மூன்று, பெரியவர்களின் வேலையைப் பிள்ளையின் தோளிலிருந்து எடுத்துப் பெரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பது. மினுச்சினின் முறையில் முக்கியமான இடம் இதுதான்.

நான்கு, குறையை மட்டும் தோண்டாமல், பிரச்சினை இல்லாத நாளைப் பற்றிக் கேட்பது. "போன மாதம் ஒரு புதன் வந்திருக்கிறானே, அன்றைக்கு என்ன வித்தியாசம்?" அன்றைக்கு மாமா வீட்டில் நின்றிருக்கிறார். வழி அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த தீர்வு நோக்கிய முறையின் சாரமும் இதுதான்.

ஆனால் அங்கே வரைந்த படத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் என்று நடுவில் வைத்தால் எங்கள் பகுதியின் வீடு அதற்குள் அடங்காது. தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி, மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கிறோம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஒரே வளவில் அக்கா தங்கச்சிமாரின் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எனவே இங்கே படம் அம்மம்மாவிலிருந்து, எங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்தம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை பயப்படுகிற ஆளும் பாசம் வைத்த ஆளும் பல வீடுகளில் தாய்மாமன்தான். அவரை விட்டுவிட்டுத் தகப்பனுக்கு மட்டும் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தகப்பனோ கட்டாரில்.

இன்னொன்று. இந்த வீடுகள் எதைத் தாண்டி வந்தவை என்பதை மறக்கக் கூடாது. 1990இன் பயங்கரம், 2004 டிசம்பர் 26, 2009 வரையான யுத்தம், 2019 ஏப்ரல் 21. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இப்படிப்பட்ட அழிவுகளின் காயம் தனியாள்களோடு நிற்பதில்லை, குடும்பத்திலும் சமூகத்திலும் விழுகிறது, எனவே ஆறுதலும் அங்கிருந்து வர வேண்டும் என்று தொடர்ந்து எழுதி வந்தவர். மட்டக்களப்பிலேயே 1996இல், யுத்தத்தின் நடுவில், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கித் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி விளையாட வைத்தார்கள். அங்கே யாரும் பிள்ளைகளை உட்கார்த்தி விசாரிக்கவில்லை. களிமண்ணும் நிறமும் கதையும் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இந்த விடயத்தில் நல்ல அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அப்படியென்றால் எங்கே பிழைக்கிறது?

முதலாவது, நம்பிக்கை. வீட்டு விபரம் கேட்டு வருகிற எல்லோரும் கையில் ஒரு படிவத்தோடுதான் வருகிறார்கள். நிவாரணத்துக்கு ஒரு படிவம், முன்பு சமுர்த்திக்கு ஒரு படிவம். 2013இலிருந்து பல வருடம், தாய் வெளிநாடு போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். சரியாகச் சொன்னால் ஏதாவது நின்றுவிடும் என்று சனம் பயந்து பழகிவிட்டது. அந்தச் சனத்திடம் ஆசிரியரும் போய்க் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும்? இதில் எங்கள் பக்கத்துக் குற்றமும் இருக்கிறது. ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையின் வீட்டுக் கதை தேத்தண்ணியோடு சுற்றி வந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறோம். அது அமானிதம். காத்துக் கொடுக்க முடியாவிட்டால் கேட்கவே கூடாது.

இரண்டாவது, இதைவிடப் பாரதூரமானது. குடும்பத்தோடு பேசுவது என்றால் எப்படியாவது சேர்த்து வைப்பது என்று நினைக்கிறோம். மத்தியஸ்த சபை, காதி நீதிமன்றம், பள்ளி நிருவாகம், கோயில் பெரியவர்கள் எல்லோருக்கும் அவரவர் வேலை இருக்கிறது. பிணக்கு வந்தால் அவர் பக்கத்தில் ஒருவரும் அவ பக்கத்தில் ஒருவருமாக இரு நடுவர்களை வைக்கும்படி குர்ஆனின் நான்காவது அத்தியாயம் வழி காட்டுகிறது. இரண்டு பக்கமும் கேட்கப்பட வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. ஆனால் அடி வாங்குகிற பெண்ணை, அடிக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, "உங்களுக்கு என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்றால் அவ எதைச் சொல்வா? சொன்னால் இரவு வீட்டில் என்ன நடக்கும்? வன்முறை உள்ள வீட்டில் முதலாவது வேலை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. பிள்ளைக்குத் துஷ்பிரயோகம் நடக்கிறது என்று தெரிந்தால் "மானம் போகும், உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம்" என்பதற்கு இடமே இல்லை. அதை மூடி வைக்கிற எவரும் உளவளத்துணை செய்யவில்லை.

எனவே நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அல்ல.

பாடசாலையில், உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு மற்றப் பாடங்களைக் குறைத்து நேரம் கொடுங்கள். அவருக்குக் கதவு சாத்தக்கூடிய ஒரு சிறிய அறை வேண்டும். அதிபர் அலுவலகத்தின் மூலையும் களஞ்சிய அறையும் அதற்குச் சரிவராது. ஒழுக்காற்றுக்குப் பொறுப்பானவரும் இவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. காலையில் தண்டிக்கிற ஆளிடம் பின்னேரம் பிள்ளை மனம் திறக்காது. வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேராக, ஒருவராவது பெண்ணாக, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பெற்றோர் கூட்டத்தை வயல் வேலையும் கூலி வேலையும் முடிகிற நேரத்துக்கு மாற்றுங்கள். அம்மம்மாவும் மாமாவும் வரலாம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.

ஊரில், பள்ளிவாசலிலும் கோயிலிலும் மாதர் சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிறவர்களே, தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒருமுறை பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் அந்தக் குடும்பத்தை அனுப்பிப் பாருங்கள். அங்கே போவது பைத்தியத்துக்கு மருந்து எடுப்பது அல்ல என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும்.

மற்ற எல்லோரிடமும் ஒன்றே ஒன்று. ஒரு தாய் அந்த அறையிலிருந்து வெளியே வருவதைக் கண்டால், "என்ன விசயம்?" என்று கேட்காதீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். அதுவும் ஒரு உதவி.

நாளை புதன். பாதை அக்கரையில் சேர்ந்ததும் எங்களில் ஒருவர் வழமைபோல முதலாம் பாடத்துக்கு இடாப்பை எடுப்பார். யாராவது வராமல் இருந்தால், சிவப்புப் பேனையைத் திறப்பதற்கு முன், அந்த வீட்டில் இன்றைக்கு என்ன நாள் என்று யோசிப்போம்.