முழங்கால் 'கீஹோல்' ஆபரேஷன்: எந்த வலியை அலட்சியம் செய்யக் கூடாது?

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. சிறு துளை வழியே செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பிதான். ஆனால் அதன்பின் காலுக்கு ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் கால் அகற்றப்பட்டும், நவம்பர் 15 அன்று அவர் உயிரிழந்தார். ஆபரேஷன் சரியாகவே நடந்தது, அழுத்தக் கட்டு இறுக்கமானதே காரணம் என்றார் அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

துளை சின்னதுதானே, அப்புறம் என்ன ஆபத்து?

மூன்று விஷயங்கள் நடக்கலாம். மூன்றுமே அரிது.

முதலாவது, கட்டின் இறுக்கமோ உள்வீக்கமோ தசையை நெரிப்பது. ரத்தம் இல்லாமல் தசை சுமார் 6 மணி நேரமே தாங்கும்.

இரண்டாவது, மூட்டுக்குப் பின்னால் ஒட்டிச் செல்லும் பெரிய தமனியில் காயம். சில சமயம் நாட்கள் கழித்து, முழங்காலுக்குப் பின்னால் துடிக்கும் வீக்கமாக வெளிப்படும்.

மூன்றாவது, கெண்டைக்கால் சிரையில் ரத்தம் உறைவது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அப்போ எல்லாருக்கும் ரத்த உறைவுத் தடுப்பு ஊசி போடலாமே?

2017-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆர்த்ரோஸ்கோப்பி செய்தவர்களுக்கு அந்த ஊசியால் தெளிவான பலன் தெரியவில்லை. ஊசி போட்டவர், போடாதவர் இரு தரப்பிலும் உறைவு 100-க்கு ஒருவருக்கும் குறைவு. எனவே முன்பே உறைவு வந்தவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர் போன்றோர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

• மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி. விரலை அசைத்தாலே உயிர் போகிற மாதிரி வலி
• பாதம் மரத்து, வெளுத்து, சில்லென்று ஆவது
• கெண்டைக்கால் வீக்கம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி

"ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும், இவற்றுக்குக் காலை வரை காத்திருக்காதீர்கள். மைசூருவில் ஆபரேஷன் முடித்து அன்றே ஸ்ரீரங்கப்பட்டணம் வீட்டுக்குத் திரும்புபவர் என்றால், டிஸ்சார்ஜுக்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இரவில் யாருக்கு போன் செய்வது? கட்டை அவிழ்த்துப் பார்க்க எங்கே வருவது? பதில் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.