எது யதார்த்தம்?

“யதார்த்தமாகப் பேசுங்கள்” என்னும் அறிவுரை இன்று மலிந்துவிட்டது. உரிமை கேட்போரிடம் சொல்கிறார்கள். கூலி கேட்போரிடம் சொல்கிறார்கள். “உலகம் இப்படித்தான் இருக்கும், நீ வளைந்துகொள்” என்பதே அதன் உட்பொருள். கலையுலகிலும் இச்சொல் உலவுகிறது. “கண்டதை எழுதினேன், கண்டதைத் தீட்டினேன், ஆகவே நான் யதார்த்தவாதி” என்று மார்தட்டுவோர் பலர். அரசியலில் அடங்கிப் போவதற்கும், கலையில் மேற்பூச்சைப் படியெடுப்பதற்கும் ஒரே சொல் போர்வையாகிறது. அந்தப் போர்வையை விலக்கிப் பார்ப்பது நம் கடமை, தோழர்களே! புதுவை மண்ணில் வாழ்வோர்க்கு அது இரட்டைக் கடமை.

தத்துவத்தில் யதார்த்தவாதம் என்பது யாது? நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் உலகம் உண்டு. அதை அறிதல் மாந்தர்க்கு இயலும். இதுவே அதன் அடிப்படை. இது கடல் கடந்து வந்த சரக்கென்று எண்ணவேண்டா. உலகையும் உயிரையும் உள்பொருள் என்றே கொண்டது சைவ சித்தாந்தம். உலகம் வெறுந்தோற்றமோ என்னும் கேள்வியை ஒரு பாடலாகவே எழுப்பி, காணும் உலகை உறுதியென நிலைநாட்டினான் பாரதி. 1908 முதல் 1918 வரை அவனுக்குப் புகலிடம் தந்தது இந்தப் புதுவை. 1914இல் இங்கே ‘ஆர்யா’ இதழைத் தொடங்கிய அரவிந்தர் ஆன்மிகவாதி; அவர் வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் உலகைப் பொய்யெனத் தள்ளும் மாயாவாதத்தை அவரும் ஏற்றாரில்லை. “எல்லாம் மாயை” என்று உழைப்பவனுக்கு உபதேசிப்போர், அவன் விளைவித்த நெல்லை மாயையென்று களத்திலேயே விட்டுச் சென்றதுண்டா?

சரி, உலகம் மெய். அப்படியானால் கண்ணில் படுவதுதான் முழு மெய்யா? இக்கேள்விக்கு மணிமேகலைக் காப்பியம் அன்றே விடை தந்தது. கண்கூடாகக் காண்பதொன்றே அளவை, கருத்தளவை செல்லாது என்கிறான் பூதவாதி. மணிமேகலை நகைக்கிறாள். “உன் தாய் தந்தையரை இன்னார் என்று எவ்வாறு அறிந்தாய்? கருத்தளவையால் அல்லவா?” என்னும் பொருள்பட வினவி மடக்குகிறாள். பூதவாதி பொருளை மதித்தான்; அது அவன் பெருமை. பொருளுக்குப் பின்னுள்ள காரணத்தைக் கைவிட்டான். அது அவன் குறை. இன்றைய போலி யதார்த்தவாதிகளிடம் அக்குறை மட்டும் மிஞ்சியிருக்கிறது!

கலைக்கும் இதே அளவுகோல்தான். சாலையோரத்தில் கல்லுடைக்கும் ஏழைகளை 1849இல் பெரும் ஓவியமாகத் தீட்டினார் பிரெஞ்சுக் கலைஞர் கூர்பே. 1855இல் பாரிசில் தனிக் கொட்டகை அமைத்து, யதார்த்தவாதம் என்னும் பெயரிலேயே தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1888இல் எங்கெல்ஸ் எழுதிய கடிதம் ஒன்று இதை மேலும் தெளிவாக்குகிறது. நுணுக்க விவரங்கள் உண்மையாயிருந்தால் மட்டும் போதாது; ஒரு காலத்தின் வகைமாதிரி மனிதர்களை, அவர்களை உருவாக்கிய சூழலில் வைத்துக் காட்டவேண்டும் என்பது அவர் கருத்து. மன்னராட்சியை விரும்பிய பால்சாக், தம் விருப்பத்துக்கு மாறாகப் பிரபுக்களின் வீழ்ச்சியைத் தீட்டியதை யதார்த்தத்தின் வெற்றியாக அவர் போற்றினார்.

கற்பனை இதற்குப் பகையா? ஒருபோதும் இல்லை! 1912இல் முதற்பகுதி வெளிவந்த பாஞ்சாலி சபதம் பழங்கதைதான். அதில் துடித்ததோ அடிமைப்பட்ட நாடு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு செய்திக் களஞ்சியம். ஆனால் அது ஒரு துபாஷியின் திண்ணையிலிருந்து கண்ட ஊர். அந்தக் காலத்தையே ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ எனப் புதினங்களாக்கிய பிரபஞ்சன், கற்பனையின் துணையால் எளிய மக்களையும் வரலாற்றின் அரங்கில் ஏற்றினார். யதார்த்தத்தின் பகை கற்பனை அன்று, மறைப்பு!

இன்று புதுவையைப் படமெடுக்க வருவோரைப் பாருங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர்ப் பலகை, கடற்கரைச் சாலை. எதுவும் பொய்யில்லை, எல்லாம் கண்கூடு. ஆனால் வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரித்து ஓடும் வாய்க்கால் அப்படத்தில் இல்லை. மில் சங்கு இல்லை. 1936 சூலை 30 இல்லை.

அந்த நாளை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு சூன் மாதம் பிரான்சில் வாரம் 40 மணி நேர வேலை சட்டமாயிற்று. அடுத்த மாதமே, அதே கொடி பறந்த புதுவையில், உரிமை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்மீது துப்பாக்கி வெடித்தது. 12 தொழிலாளர் மாண்டனர். கொடி ஒன்று, நீதி இரண்டு! “பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் வலிமைதான் யதார்த்தம்; பணிந்து போங்கள்” என்று போலி யதார்த்தவாதி அன்று சொல்லியிருப்பான். தொழிலாளரோ, தறி ஓடுவது தங்கள் கையால் என்பதையும், அக்கைகள் இணைந்தால் சட்டமும் இறங்கி வரும் என்பதையும் கண்டனர். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் அதை எடுத்துரைத்தனர். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இது முதல் என்று இவ்வூர்த் தொழிலாளர் இன்றும் பெருமை கொள்வர். யார் யதார்த்தவாதி? எஜமானின் துப்பாக்கியை மட்டும் கண்டவனா, அதன் எதிரே எழுந்த வலிமையையும் கண்டவனா?

1898இல் தோன்றிய ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டது. “காலம் மாறிவிட்டது, யதார்த்தத்தை ஏற்றுக்கொள்” என்று மீண்டும் அதே உபதேசம்! மூடிய கதவு கண்கூடு. அதை மூடியது யார், மூடவைத்தது எது, உழைத்தவன் நிலை என்ன, அந்த மண் இனி யாருக்கு என்னும் கேள்விகள்தாம் கதவுக்குப் பின்னுள்ள மெய்.

எழுதுகோலும் தூரிகையும் ஒளிப்படப் பெட்டியும் ஏந்திய இளைஞர்களே! கதவைத் தீட்டுங்கள், தடுப்பாரில்லை. அதன் பூட்டையும் தீட்டுங்கள். சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதையும் காட்டுங்கள். அதுவே யதார்த்தம்!