வீட்டு ரகசியம் வீட்டோடு... நெட் இல்லாமல் ஒரு சாட்பாட்!

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், வீட்டுக்கடன் கணக்கு, யாரிடமும் சொல்லாத மனக்கவலை... எல்லாவற்றுக்கும் இப்போது ஏஐ சாட்பாட்டிடம் யோசனை கேட்கிறோம். நாம் தட்டுவது பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. அப்படிப் போக வேண்டாம் என்றால், சாட்பாட்டையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்!

8 ஜிபி ரேமும், 10 ஜிபி காலியிடமும் உள்ள லேப்டாப் போதும். ‘ஓலாமா’ என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். மாடல் பட்டியலில் கூகுளின் ‘ஜெம்மா 3’ மாடலை, 4பி அளவில் தேர்ந்தெடுங்கள். முதல்முறை மட்டும் சுமார் 3 ஜிபி டவுன்லோடு ஆகும். பெயரில் ‘கிளவுட்’ என்று இருப்பவை வேண்டாம். அவை வெளி சர்வரில் இயங்குபவை.

சந்தேகமா? வைஃபையை அணைத்துவிட்டுத் தமிழிலேயே ஒரு கேள்வி கேளுங்கள். அப்போதும் பதில் வந்தால், அது உங்கள் லேப்டாப்பிலிருந்தே வருகிறது.

இது சின்ன மாடல். பதில் மெதுவாக வரும், நேற்றைய செய்தி தெரியாது, தவறையும் தயங்காமல் சொல்லும். கடிதம் எழுதவும், ரிப்போர்ட்டில் உள்ள ஆங்கிலச் சொற்களைப் புரிந்துகொள்ளவும் கைகொடுக்கும். மருந்தின் அளவை டாக்டரிடமே கேளுங்கள்.

இன்னொன்று... நீங்கள் கேட்டதெல்லாம் அந்த லேப்டாப்பிலேயே பதிவாகியிருக்கும். பலர் பயன்படுத்தும் லேப்டாப் என்றால், பாஸ்வேர்டு போட மறக்காதீர்கள்!